கொண்டைக் குல்லா போன தூரம்

சாமி,

நீங்கள் மூவரும் ஊர் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. வீட்டுக்குத்தான் நீங்கள் போய்விட்டது இன்னும் உறைக்கவில்லை. இன்று காலை பண்ணைக்குக் கிளம்பிய உன் அப்பா, குழந்தை விழித்துவிடும் என்று கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார். தெருமுனை வரை போன பிறகுதான் நினைவு வந்ததாம். திரும்பி வந்து, கதவைத் திறந்து, ஒருமுறை பலமாகச் சாத்தினார். "இப்பச் செரி" என்று எனக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு மறுபடி கிளம்பினார். நான் அடுப்படியில் நின்றபடி சிரித்தேன்.

இதை உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் போனில் இருக்கும் எங்கள் பின்னல் குழுவிலும் போடப்போகிறேன். குழந்தை குல்லாவோடு இருக்கும் முதல் பிறந்த நாள் படத்தை அங்கே போட்டதிலிருந்து, 'அந்தக் குல்லாவின் கதையை முழுதாக எழுதுங்கள்' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உனக்கும் இதில் பாதிதான் தெரியும். நர்ஸ் வேலையில் பழகிய ஆங்கிலத்தில் நான் எழுதிவிடுவேன், ஆனால் உன்னோடு ஆங்கிலத்தில் பேசினால் எனக்கு ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் கொடுப்பது போல இருக்கும். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். குழுவில் மொழிபெயர்க்க ஒரு பொத்தான் இருக்கிறது. 'கொண்டை' என்ற சொல்லை அது என்ன பாடுபடுத்தப்போகிறதோ, அது அதன் பொறுப்பு.

நம் ஊர் வெயிலில் ஒருத்தி உல்லன் ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். நீயே சின்ன வயதில் சிரித்திருக்கிறாய். ஆனால் நான் வேலை பார்த்த பச்சிளங்குழந்தைகள் வார்டுக்கு சித்திரை வெயிலெல்லாம் கணக்கில்லை. எடை குறைவாகப் பிறக்கும் குழந்தைக்கு உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. பாதிச் சூடு அந்தச் சின்னத் தலை வழியாகவே போய்விடும். அதனால் தலையில் குல்லா இருந்தே ஆகவேண்டும். குமாரபாளையத்தில் தறி வைத்திருந்த உன் பெரியம்மா வீட்டில் மிஞ்சும் பருத்தி நூலை வாங்கி வந்து, நான்கு இழையை ஒன்றாகச் சேர்த்து, ஓய்வு கிடைத்தபோதெல்லாம் நான் பின்னியது இந்தக் குல்லாக்களைத்தான்.

எனக்கு இருந்தது ஒரே ஒரு பேட்டர்ன். ஊசியில் எத்தனை கண்ணி, அதாவது நூல் வளையம், போட்டு ஆரம்பிப்பது, எந்த வரிசையில் எத்தனை கண்ணியைக் குறைப்பது என்று சொல்லும் குறிப்பைத்தான் பேட்டர்ன் என்கிறோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தலைமை நர்ஸாக இருந்தவர், டைப் அடித்த ஒரு தாளைக் கொடுத்திருந்தார். அதை பீரோக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருந்தேன். டாக்டர் எழுதிய மருந்தின் அளவை நர்ஸ் திருத்தமாட்டாள் அல்லவா? பேட்டர்னையும் நான் அப்படியேதான் நினைத்தேன். அதில் எழுதியிருப்பது சட்டம். சரியாக வரவில்லை என்றால் தப்பு என் கையில்.

சரியாக வந்ததே இல்லை. தாளில் வரைந்திருந்த படத்தில் குல்லாவின் உச்சி ஆரஞ்சுப் பழம் போல உருண்டையாக இருக்கும். நான் பின்னினால் உச்சியில் ஒரு கூம்பு எழும்பி நிற்கும். எத்தனையோ தடவை பிரித்துப் பிரித்துப் பின்னியிருக்கிறேன். ஊசியை மாற்றினேன், நூலைத் தளர்த்திப் பிடித்தேன், கூம்பு மட்டும் போகவில்லை. முதன்முதலில் அதைப் பார்த்த உன் அப்பா, கோழிப்பண்ணைக்காரர் அல்லவா, "என்ன புள்ள, சேவக் கொண்டையாட்டம் நிக்குது?" என்றார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வார்டில் அது 'கொண்டைக் குல்லா' ஆனது. தாய்மார்கள் கேட்டு வாங்கிப் போனார்கள். எனக்கு மட்டும் அந்தக் கொண்டையைப் பார்க்கும்போதெல்லாம், இறுக்கமான கை எனக்கு என்ற நினைப்பு வரும்.

நான் ஓய்வுபெற்ற பிறகு வந்த உன் லீவில், என் போனில் அந்தக் குழுவைச் சேர்த்துவிட்டு, "சும்மா பாரும்மா, பொழுது போகும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். பொழுது போகவில்லை சாமி, எனக்குக் கோபம்தான் வந்தது. அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் ஒரு பேட்டர்னைப் போட்டால், அதைப் பின்னியவர்கள் எல்லாரும் அதற்குக் கீழேயே தங்கள் படத்தையும், என்னென்ன மாற்றினார்கள் என்பதையும் போடுவார்கள். ஒருத்தி நீளத்தைக் குறைத்திருப்பாள். ஒருத்தி காது மூடியைச் சேர்த்திருப்பாள். இன்னொருத்தி நூல் தீர்ந்துவிட்டது என்று பாதியில் வேறு நிறத்துக்குப் போயிருப்பாள், அதை வெட்கமில்லாமல் எழுதியும் இருப்பாள். கொடுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தின்றுவிட்டு நம்மிடமே வந்து சொல்லும் நோயாளியைப் பார்ப்பது போல இருந்தது எனக்கு. அங்கே நான் எழுதிய முதல் வாக்கியமே, 'தயவுசெய்து பேட்டர்னை ஒழுங்காகப் பின்பற்றவும்' என்பதுதான். அதற்கு விழுந்த சிரிப்புப் பொம்மைகளை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆனாலும் தினமும் போய்ப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒன்று பிடிபட்டது. அங்கே யாரும் பேட்டர்னை மட்டும் படிப்பதில்லை. முதலில் கீழே போய், ஏற்கெனவே பின்னியவர்கள் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்று படித்துவிட்டுத்தான் ஊசியை எடுக்கிறார்கள். 'இந்த இடத்தில் எனக்கும் கோணிக்கொண்டது' என்று ஒருத்தி எழுதினால், 'எனக்கும்', 'எனக்கும்' என்று பல ஊர்களிலிருந்து பதில் வரும். இத்தனை வருஷம் பீரோக் கதவுக்கு முன்னால் தனியாக நின்று தடுமாறியவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். எனக்கும் தைரியம் வந்தது. என் குல்லாவைப் படம் எடுத்துப் போட்டு, 'கை இறுக்கமானது, அதனால் உச்சியில் கூம்பு விழுகிறது, மன்னிக்கவும்' என்று எழுதினேன்.

லூதியானாவிலிருந்து ஹர்ப்ரீத் அக்கா பதில் போட்டார். குளிர்ப் பிரதேசத்துக்காரர், கையில் ஊசியோடு பிறந்தவர் போலப் பின்னுவார். 'உங்கள் கண்ணிகளில் இறுக்கம் ஒன்றும் தெரியவில்லையே, அந்தத் தாளைக் காட்டுங்கள்' என்றார். பீரோவைத் திறந்து படம் எடுத்து அனுப்பினேன். அன்று மத்தியானமே பதில் வந்துவிட்டது. 'சகோதரி, இதே பேட்டர்ன் அச்சடித்த புத்தகம் என்னிடம் இருக்கிறது. உச்சியில் ஒவ்வொரு இரண்டாவது வரிசையிலும் கண்ணி குறைக்க வேண்டும். உங்கள் தாளில் நான்காவது வரிசை என்று இருக்கிறது. டைப் அடித்தவர் தவறாக அடித்திருக்கிறார். அவ்வளவு மெதுவாகக் குறைத்தால் யார் பின்னினாலும் கூம்புதான் வரும்.'

அதைப் படித்துவிட்டு, போனும் கையுமாக அந்த பீரோத் தாளுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். சாப்பிட வந்த உன் அப்பா, "ஏம்புள்ள, யாருக்காச்சும் ஒடம்பு செரியில்லையா?" என்று பயந்துபோய்க் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் தட்டைக்கூட எடுக்காமல் யோசித்தார். "அப்ப இத்தன வருசமும் உன்ர கையி மேல தப்பே இல்ல?" என்றார். "இல்லீங்க" என்றேன். "அப்பப் போயி அந்தக் கையில சோறு போடு, பசிக்குது" என்றார். அந்தச் சோற்றை நான் எவ்வளவு சந்தோஷமாகப் போட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

உடனே இரண்டாவது வரிசைக் கணக்கில் ஒரு குல்லா பின்னினேன். படத்தில் இருப்பது போலவே உருண்டையாக வந்தது. பெருமையோடு வார்டுக்கு எடுத்துப் போனேன். எனக்குப் பிறகு அங்கே நர்ஸாக வந்த செல்வி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங் சிஸ்டர், கொண்டையக் காணோமுங்?" என்றாள். பேட்டர்னில் தப்பு இருந்தது, இப்போதுதான் சரியாக வந்திருக்கிறது என்று விளக்கினேன். அவளுக்குத் திருப்தி இல்லை. "இல்லீங் சிஸ்டர், அந்தக் கொண்டைய ரெண்டு வெரல்ல புடிச்சு எடுத்தா கொழந்த தலையில கையே படாது. இத எங்கீங் புடிக்கறது?" என்றாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு தாய், "எங்க அக்கா கொழந்தைக்குக் குடுத்தீங்கல்லங், அதுதான் எனக்கும் வேணுமுங்" என்றாள். என்னை வருஷக்கணக்காக அழவைத்த கூம்புக்கு இப்படி இரண்டு வக்கீல்கள்.

நடந்ததை அப்படியே குழுவில் எழுதினேன். அவ்வளவுதான், ஆளாளுக்குக் கொண்டை கேட்டார்கள். டைப் தப்பை வேண்டுமென்றே வைத்து, என் கைப்பட ஒரு பேட்டர்ன் எழுதிப் போட்டேன். 'ஒவ்வொரு நான்காவது வரிசையிலும் குறைக்கவும், இது பிழை அல்ல' என்று. கொஞ்ச நாளில் எந்தெந்த ஊரிலிருந்தோ கொண்டைக் குல்லாக்கள் வர ஆரம்பித்தன. ஒருத்தி கொண்டையைச் சிவப்பு நூலில் பின்னியிருந்தாள். உன் அப்பா அந்தப் படத்தைத் தன் போனில் வாங்கி, பண்ணையில் வேலை செய்கிறவர்களிடமெல்லாம் காட்டினார்.

இனி வருவது உனக்குத் தெரியாதது. அடுத்தவர்கள் பேட்டர்னை மாற்றுவதை ரசிக்கப் பழகிய எனக்கு, என் பேட்டர்னை மாற்றியபோது பொறுக்கவில்லை. ஜெர்மனியிலிருந்து இங்க்ரிட் என்பவர் ஒரு குல்லா போட்டார். நெற்றிப் பட்டையை அகலமாக்கி மடித்திருந்தார். இரண்டு காதுப் பக்கமும் பிளந்து வாய் வைத்திருந்தார். தையலை வெளிப்பக்கம் திருப்பியிருந்தார். எனக்கு அது கிழிந்த குல்லா போலத் தெரிந்தது. 'இது என்னுடைய பேட்டர்னே இல்லை, என் பெயரை எடுத்துவிடுங்கள்' என்று எழுதினேன். அவர் சண்டைக்கு வரவில்லை. 'எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் பின்னிக் கொடுக்கிறேன். மூச்சுக் குழாய் வைத்த குழந்தைகளுக்குக் குழாய் நுழைய இடம் வேண்டும் என்று நர்ஸ்கள் கேட்டார்கள்' என்று எழுதிவிட்டு, என் பெயரை எடுத்துவிட்டார். என் வார்டிலும் குழாய் வைத்த குழந்தைகள் இருந்தார்கள், சாமி. அவர்களுக்கு நாங்கள் குல்லாவை ஒரு பக்கம் சுருட்டி ஏற்றி, பிளாஸ்டர் ஒட்டிச் சமாளித்தோம். குல்லாவை மாற்றலாம் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றியதில்லை. படித்ததும் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை. பதில் எழுதாமல் குழுப் பக்கமே போகாமல் இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நீ ஜெர்மனியிலிருந்து கூப்பிட்டாய். நானும் உன் அப்பாவும் எருமப்பட்டிப் பக்கம் பண்ணையில் முட்டை அட்டை அடுக்கிக்கொண்டிருந்தோம். "அம்மா, பொறந்துட்டா. ரொம்பச் சின்னதா இருக்கறாம்மா" என்றாய். மருமகள் நித்யாவுக்கு அப்போதுதான் வயிற்றில் ஏழு மாதம் முடிந்திருந்தது. எடை எவ்வளவு, நிறம் எப்படி, மூச்சைத் தானாக விடுகிறாளா என்று நர்ஸாக எல்லாவற்றையும் கேட்டேன். நீயும் ஒவ்வொன்றாகச் சொன்னாய். கடைசியில், "நீ வந்துருவியாம்மா?" என்றாய். அந்த இடத்தில்தான் நர்ஸ் போய் அம்மா வந்துவிட்டாள். விசாவுக்கு எழுதிக் கொடுத்து, அவர்கள் கூப்பிடும் வரை நான் எங்கே வருவது? "வாரேன் சாமி, எப்படியாச்சும் வாரேன்" என்று சொல்லிவிட்டு முட்டை அட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன்.

உன் அப்பாதான் கேட்டார். "உங்க குரூப்புல ஒரு ஜெர்மன்காரம்மா இருக்குதுன்னியே, அவங்க எந்த ஊரு?"

"அவங்ககூட நான் சண்ட போட்டுட்டேனுங்க."

"போட்டா என்ன? பக்கத்துப் பண்ணக்காரங்கூட எனக்குப் பேச்சுவார்த்தையே இல்ல. கரண்டு போனா அவங்கிட்டத்தான் ஜெனரேட்டர் கேக்கறேன், அவனும் குடுக்கறான். போ, போயிக் கேளு."

மன்னிப்பெல்லாம் அழகாக எழுத எனக்கு அப்போது நிதானம் இல்லை. 'என் பேத்தி உங்கள் நாட்டில் குறைமாதத்தில் பிறந்திருக்கிறாள். மூச்சுக் குழாய் வைத்திருக்கிறார்கள். என்னால் உடனே வர முடியாது' என்று எழுதி, ஊர்ப் பெயரைப் போட்டேன். வந்த பதிலில் இரண்டு கேள்விகள்தான் இருந்தன. எந்த ஆஸ்பத்திரி? தலைச் சுற்றளவு எவ்வளவு?

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். ஆனாலும் நீ சொன்ன விதத்தை நான் மறக்கக் கூடாது என்று எழுதிவைக்கிறேன். "அம்மா, பஸ் டிரைவர் யூனிஃபார்ம்ல ஒருத்தங்க வந்து நிக்கறாங்க, உன்னைத் தெரியுங்கறாங்க" என்றாய். வேலை முடிந்த கையோடு, உடை மாற்றக்கூட நேரமில்லாமல் ரயில் ஏறி வந்திருக்கிறார் இங்க்ரிட். துவைத்துத்தான் போடுவோம் என்று சொல்லி அங்கிருந்த நர்ஸ்கள் குல்லாவை வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் நீ வீடியோவில் காட்டினாய். கண்ணாடிப் பெட்டிக்குள் என் பேத்தி. காதுப் பக்கத்து வாய் வழியாகக் குழாய் சுருக்கமில்லாமல் போகிறது. நெற்றியில் அகலப் பட்டை. உச்சியில் கொண்டை. இங்க்ரிட் எனக்குத் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார்: 'கொண்டையை நான் தொடவில்லை. கீழே மட்டும்தான் மாற்றினேன்.' உன் அப்பா போனைப் பிடுங்கிப் பார்த்து, "எந்தச் சாமி புண்ணியமோ" என்று ஆரம்பித்தவர், தீவன மூட்டைகள் பக்கம் போய் நின்றுகொண்டார்.

எனக்கு விசா கிடைப்பதற்குள் அவள் தேறி வீட்டுக்கே வந்துவிட்டாள். "ஒரு வயசாகட்டும், நாங்களே வாரோம்மா" என்றாய். சொன்னபடி வந்தீர்கள். ஜேடர்பாளையம் தடுப்பணையில் காவிரித் தண்ணீரில் காலை வைத்ததும் அவள் போட்ட கூச்சலைக் கேட்டு, மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மாள், "பாப்பாவுக்கு நெஞ்சு நெம்ப பலமுங்கோ" என்றாள். மூச்சுக்குக் குழாய் வைத்திருந்த குழந்தை என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். பிறகு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இப்போது நம் ஊர் வார்டில் குழாய் வைத்த குழந்தைகளுக்கு இங்க்ரிட் மாற்றிய குல்லாதான். செல்வியே இரண்டு பெண்களுக்குப் பின்னக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். அவள் மடிப்பில் ஒரு சின்ன நாடா சேர்த்திருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்பன் ஆகிவிட்டாய், அதனால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். பிள்ளை வளர்ப்புக்கு உனக்கு ஆளுக்கொரு பேட்டர்ன் கொடுப்பார்கள். நானும் கொடுப்பேன், நித்யாவின் அம்மாவும் கொடுப்பார், உன் அப்பா கோழிக்குஞ்சை வைத்தே பாதி சொல்லிவிடுவார். எல்லாவற்றையும் வாங்கிக்கொள். ஏற்கெனவே வளர்த்தவர்கள் எங்கே தடுக்கினார்கள் என்று கேட்டுக்கொள். பிறகு குழந்தையின் தலையைப் பார்த்துப் பின்னு. நீங்கள் இங்கே இருந்தபோது நித்யா அவளைத் தொட்டியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டினாள். எனக்குக் காலில் போட்டுக் குளிப்பாட்டித்தான் பழக்கம். முதல் நாள் வாய் துறுதுறுத்தது. மூன்றாம் நாள் பார்த்தால் அந்தத் தொட்டியில் அவள் தண்ணீரை அடித்து விளையாடுகிற விளையாட்டுக்காகவே நான் போய் உட்கார்ந்துகொள்கிறேன். நாளைக்கு அவளும் உன்னை மாற்றுவாள். இந்தப் பண்ணையைப் பார்த்துக்கொள்வாய் என்று நாங்கள் நினைத்திருக்க, நீ லாரி டிசைன் பண்ண ஜெர்மனி போகவில்லையா? அப்போது உன் அப்பா ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. இப்போது ரோட்டில் வெளிநாட்டு லாரி எது போனாலும், "நம்ம பையன் பண்ணுனதா இருக்கும்" என்கிறார்.

கடைசியாக ஒரு செய்தி. இங்க்ரிட் தை மாதம் நம் வீட்டுக்கு வருகிறார். டிக்கெட் எடுத்துவிட்டாராம். கோயில், மலை, எதைப் பார்க்க ஆசை என்று கேட்டேன். 'உங்கள் ஊர் பஸ்ஸில் போகவேண்டும், டிரைவருக்குப் பக்கத்தில்' என்று எழுதியிருக்கிறார். உன் அப்பா அன்றே போய் எருமப்பட்டி ரூட்டில் ஓடும் தனியார் பஸ் டிரைவரிடம் பேசிவிட்டு வந்துவிட்டார். என்ஜின் பெட்டி மேல் மெத்தை போட்டுத் தருகிறேன் என்று அவரும் சொல்லியிருக்கிறாராம். "வர்றவங்களும் டிரைவருதான், கொஞ்சம் மெதுவா ஓட்டுங்கன்னு சொன்னீங்களா?" என்று கேட்டேன். "சொன்னேன் புள்ள. அப்படீன்னா நம்ம ஊரு ஓட்டு எப்படீன்னு காட்டியே ஆகோணுமுங்கறான்" என்றார்.

அதனால் நீ இதைப் படித்ததும் எனக்கு ஒரு உதவி செய். 'கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்' என்பதற்கு ஜெர்மன் மொழியில் என்ன சொல்ல வேண்டும் என்று தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பு. உன் அப்பா இப்போதே பழக ஆரம்பிக்க வேண்டும் என்கிறார்.

அம்மா